செம்பனையின் சிவப்பு

மலேசியாவின் ஜொகூரில் குளுவாங் பக்கம் செம்பனைத் தோட்டம் எதிலாவது நுழைந்தால், மரத்தடியில் உதிரிப் பழங்கள் கிடக்கும். ஒன்றை எடுத்து நகத்தால் கீறிப் பாருங்கள். குங்குமத்தை எண்ணெயில் குழைத்தது போல விரலில் அப்பிக்கொள்ளும். அந்தச் சிவப்புதான் கரோட்டின். நம் உடல் அதை வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்கிறது. அது மாலைக்கண் அண்டாமல் காக்கிறது.

செம்பனையின் சொந்த ஊர் மேற்கு ஆப்பிரிக்கா. மரம் மலேசியாவுக்கு வந்தது, அதற்குக் காய் பிடிக்க வைக்கும் வண்டு வரவில்லை. தோட்டத் தொழிலாளர்கள் மகரந்தப் பொடியைப் பூவுக்குப் பூ கையால் தூவினார்கள். கேமரூனிலிருந்து கொண்டுவந்த கூன்வண்டை 1981இல் குளுவாங்கில் விட்ட பிறகுதான் அந்தப் பாடு ஓய்ந்தது.

வெட்டிய குலை உடனே ஆலைக்குப் போக வேண்டும். ஆவியில் அவித்துப் பிழிந்தால் செக்கச் செவேலென்று எண்ணெய் இறங்கும். கிலோவுக்கு 500 முதல் 700 மில்லிகிராம் கரோட்டின். ஆனால் சந்தை கேட்பது வெளிறிய எண்ணெய். பாசிர் கூடாங் போன்ற துறைமுகங்களை ஒட்டிய சுத்திகரிப்பு ஆலைகளில் ஒருவகைக் களிமண் ஒரு பகுதி நிறத்தை உறிஞ்ச, 240 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூடு மிச்சத்தை அழிக்கிறது. வாடை போகிறது, கூடவே கரோட்டினும் போகிறது.

தமிழ்நாட்டு ரேஷன் கடையில் லிட்டர் 25 ரூபாய்க்கு வாங்கும் பாமாயில் இப்படி வெளுத்ததுதான். அதில் வைட்டமின் ஏயைத் திரும்பக் கலந்து கொடுக்கிறார்கள். பழத்திலேயே இருந்ததை எரித்துவிட்டு வெளியிலிருந்து சேர்ப்பதை என் மனம் பொறுக்கவில்லை. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1990களில் சிவப்புப் பாமாயிலில் பலகாரம் செய்து பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தபோது, அவர்கள் உடலில் வைட்டமின் ஏ கூடியது. பாசிர் கூடாங்கிலேயே கரோட்டினோ நிறுவனம் குறைந்த சூட்டில் சுத்திகரித்து, பெரும்பகுதிக் கரோட்டினைக் காப்பாற்றுகிறது.

அதற்காக அளவில்லாமல் ஊற்றிவிடக் கூடாது. பாமாயிலில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும். கரோட்டினை மாத்திரையாக விழுங்குவதும் வேறு கதை. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,000 ஆண்களிடம் நடந்த ஆய்வு 1994இல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் கூடியிருந்தது.

சோற்றோடு, கறியோடு, சிவப்புப் பாமாயிலைக் கொஞ்சமாகச் சேர்த்தால் போதும். திரும்பத் திரும்பக் காய்ச்சிப் பொரித்தால் கரோட்டின் தங்காது. கீரையை மசித்து அடுப்பிலிருந்து இறக்கும்போது ஒரு சிறு கரண்டி விடுங்கள். பச்சையின்மேல் சிவப்பு வட்டங்கள் மிதக்கும்.