ஈடாகப் பெற்ற ஆடை

யூதர் தம் முதன்மறையாகப் போற்றுவது தோரா என்னும் ஐந்நூல் தொகுதி. அதன்கண் வேள்வி விதிகளோடு கடன், கூலி, நிறைகோல் முதலிய உலகியற் செய்திகளும் இறைவன் ஆணையாகவே வைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஈடு பற்றிய விதிகள் ஊன்றி நோக்கற்பாலன.

வறியவன் மேலாடையை ஈடாக வாங்கியவன் ஞாயிறு மறையுமுன் அதனை மீளக் கொடுத்தல்வேண்டும் என்பது, தமிழில் யாத்திராகமம் என வழங்கும் இரண்டாம் நூலின் விதி. இரவிற் போர்த்துக்கொள்ள அவனுக்கு வேறு துணி இல்லை என்பதே அதற்குக் கூறப்படும் காரணம். அவன் முறையிடின் இரக்கமுடைய இறைவன் செவிசாய்ப்பான் என்றும் அந்நூல் எச்சரிக்கும். உபாகமம் இன்னும் நுணுகிச் செல்லும். கடன் கொடுத்தோன் ஈடு பெறுதற்குக் கடனாளியின் மனைக்குட் புகலாகாது. புறத்தே நின்று அவன் கொணர்ந்து தருவதையே பெறுதல்வேண்டும். மாவரைக்கும் திரிகைக்கல்லும் கைம்பெண்ணின் ஆடையும் ஈடாகா. வறியவன் வயிற்றோடு அவன் மானத்தையும் காக்கக் கருதியது இவ்விதி என்க.

நிற்க. நடைமுறை வேறாகவும் இருந்தது. கி. மு. 8-ஆம் நூற்றாண்டில் ஆமோஸ் என்னும் தீர்க்கதரிசி, ஈடாக வாங்கிய ஆடைகளை விரித்துப் பலிபீடங்களின் அருகே கிடந்தாரைக் கடிந்துரைத்தார். வழிபடுமிடத்திலேயே அக்கொடுமை நிகழ்ந்ததுதான் அவர்க்குப் பொறுக்கலாற்றாததாயிற்று.

மற்றொரு சான்று 1960-இல் மண்ணினின்று வெளிப்பட்டது. மத்தியதரைக் கடலோரத்தில், யாவ்னே-யாமுக்குத் தெற்கேயுள்ள பழங்கோட்டை ஒன்றை யோசேப்பு நாவே என்பார் அகழ்ந்தபோது, எபிரேய மொழியில் மையால் எழுதப்பெற்ற பானையோடு கிடைத்தது. கி. மு. 7-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியினதாகிய அது, கதிரறுப்போன் ஒருவன் அதிகாரிக்கு விடுத்த முறையீடு. தன் பங்கை அறுத்துக் களஞ்சியத்திற் சேர்த்த பின்னரும் ஷோபாயின் மகன் ஓஷயாகு என்பான் தன் ஆடையைப் பறித்துக்கொண்டான் என்றும், வெயிலில் உடன் அறுத்தோர் அனைவரும் தனக்குச் சான்று பகர்வர் என்றும் கூறி, அதனை மீட்டுத் தருமாறு இரந்து வேண்டுகின்றான்.

தோராவின் விதி அக்காலத்தே நாட்டுச் சட்டமாய் நிலவியதற்கு இதனையே சான்றாகக் காட்டுவாருமுளர். அது மிகையாம். அம்முறையீட்டில் மறைமொழி எதுவும் எடுத்தோதப்படவில்லை. அவ்வாடை ஈடாகக் கொள்ளப்பட்டதோ, வேலைக் குறைவுக்குத் தண்டமாகப் பறிக்கப்பட்டதோ என்பதிலும் அறிஞர் கருத்து வேறுபடுவர். ஆயினும் ஓர் ஏழைக்கு ஒற்றை ஆடை எத்துணை இன்றியமையாததாயிருந்தது என்பதும், ஏவலாளனும் எழுத்து மூலம் நீதி கேட்கத் துணிந்தான் என்பதும் ஐயமின்றிப் புலனாம்.

பிற்கால யூத ஆசிரியர் அவ்விதியைப் பிற பொருள்களுக்கும் விரித்தனர். கி. பி. 200-ஐ ஒட்டித் தொகுக்கப்பெற்ற மிஷ்னா, ஈடு வாங்கிய தலையணையை இரவுதோறும், கலப்பையைப் பகல்தோறும் கடனாளியிடம் திருப்பித் தரப் பணிக்கின்றது.