மாணவர் கையும் ஆசிரியர் கையும்: பயிற்சி ஹெலிகாப்டர் விபத்துகளில் காரண நிர்ணயம் பற்றி ஒரு மறுவாசிப்பு

இலகுரகப் பயிற்சி ஹெலிகாப்டர்களுக்கு நேரும் விபத்துகளை ஆராய்ந்தோர் பலரும், ரோட்டார் வேகம் குன்றுதல், தரையில் சறுக்குக்கால் தடுக்கிப் பக்கவாட்டில் கவிழ்தல், தான் கீழே தள்ளிய காற்றிலேயே தான் அமிழ்தல், வால் ரோட்டாரின் பிடிமானம் தளர்தல், மின்கம்பியில் மோதுதல் என்று ஒரு வரிசையை வகுத்து, அந்த வரிசை முழுவதற்கும் தலைப்பாக ‘விமானியின் பிழை’ என்று எழுதி அமைந்துவிடுகின்றனர். வரிசையில் குற்றமில்லை. தலைப்புத்தான் சந்தேகத்துக்குரியது, ஏனெனில் பயிற்சிப் பறத்தலில் விமானி என்று ஒருவர் இல்லை, இருவர் இருக்கின்றனர். அவ்விருவருக்கும் இடையே கழியும் காலத்தைக் கணக்கில் கொள்ளாத எந்தக் காரண நிர்ணயமும் பாதி நிர்ணயமே என்பது இக்கட்டுரையின் துணிபு.

இதற்கு நம் நாட்டு ஆதாரங்களைக் கொண்டே வாதிப்பது உசிதமாயிருக்கும். அரக்கோணத்தில் ஐ.என்.எஸ். ராஜாளி தளத்தில் கடற்படையின் ஹெலிகாப்டர் பயிற்சிப் பள்ளி பல்லாண்டுகளாகச் சேத்தக் ஹெலிகாப்டர்களைக் கொண்டு விமானிகளை உருவாக்கி வருகிறது. ஆயினும் ராணுவ விசாரணை மன்றங்களின் முழு அறிக்கைகள் பொதுவாசகரின் கைக்கு வருவதில்லை. சிவில் விபத்துகளை ஆராயும் விமான விபத்து விசாரணைப் பணியகத்தின் எல்லையோ ராணுவ ஹெலிகாப்டர்களை எட்டுவதில்லை. ஆகவே, வெளியிடப்பட்டதும் விவாதம் ஓயாததுமான ஓர் அந்நிய ஆவணத்தை நாட வேண்டியவர்களாகிறோம்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1996-இல், ராபின்சன் ஆர்-22 என்னும் இரண்டு இருக்கை ஹெலிகாப்டரில் பிரதான ரோட்டார் கட்டுப்பாடிழந்து நேர்ந்த விபத்துகள் பற்றி வெளியிட்ட விசேஷ அறிக்கையே அந்த ஆவணம். அதன் மையத்தில் நிற்பது கலிபோர்னியாவின் ரிச்மண்ட் நகருக்கு அருகே 1992 ஜூன் 29 அன்று நடந்த சம்பவம். ஆசிரியரும் மாணவரும் சமதளமாகப் பறந்துகொண்டிருக்கையில் பிரதான ரோட்டாரின் தகடுகள் தம் வழக்கமான சுழற்சித் தளத்தை விட்டு விலகி ஹெலிகாப்டரின் உடலையே தாக்க, அது வானிலேயே சிதைந்தது, இருவரும் மாண்டனர். பாடத்தைப் பிறகு கேட்டுப் படிப்பதற்காக ஓடவிட்டிருந்த சிறு ஒலிநாடா ஒன்று இடிபாடுகளிலிருந்து கிடைத்தது. இத்தகைய விபத்துகளில் இப்படியொரு சாட்சியம் அகப்படுவது மிக அபூர்வம்.

நாடாவின் ஒலியலைகளைப் பகுத்தாராய்ந்தபோது, விபரீதம் நிகழும் கணம் வரையில் ரோட்டாரின் வேகம் வழக்கமான எல்லைக்குள்ளேயே இருந்தது தெரியவந்தது. இது அற்பமான முடிவன்று. மாணவர்கள் ரோட்டார் வேகத்தைக் குன்றவிடுவதே இவ்வகை விபத்துகளுக்கெல்லாம் மூலம் என்று அதுகாறும் நிலவிய விளக்கத்தின் அஸ்திவாரத்தை அது அசைத்தது. பின்னர் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் கணினி வழியே நடத்திய பாவனைச் சோதனைகள், கட்டுப்பாட்டுப் பிடியைப் பெரிதாகவும் திடீரெனவும் அசைத்தால் தகடுகள் உடலைத் தாக்கும் அளவுக்கு விலகக்கூடும் என்று காட்டின. வாரியமும் அத்திசையிலேயே சாய்ந்தது. அதன்பின் எழுதியோர் பலர் நாடாவையும் சோதனையையும் ஒன்றோடொன்று முடிந்து, ‘மாணவர் பிடியை வெடுக்கென்று இழுத்தார்’ என்று நேரில் கண்டவர்போல் எழுதத் தலைப்பட்டனர்.

இந்த முடிச்சைத்தான் நாம் ஏற்பதற்கில்லை. ஒலிநாடா பதிவது யந்திரத்தின் சுருதியையும் மனிதரின் குரலையும் மட்டுமே. கையின் அசைவு அதில் ஏறாது. ஒரு செயல் இத்தகைய விளைவைத் தரவல்லது என்று பாவனைச் சோதனை நிரூபிக்கலாம்; குறிப்பிட்ட அந்நாளில் அச்செயல் நிகழ்ந்தது என்று அதனால் நிரூபிக்க முடியாது. நாடா உண்மையில் தெரிவிப்பது வேறொன்று, அதை அதற்குரிய கனத்தோடு வாசித்தவர்கள் சிலரே. கடைசிக் கணம் வரை பாடம் பாடமாகவே நடந்துகொண்டிருந்தது. எச்சரிக்கைக்கு உரிய குறி எதுவும் முன்னதாக எழவில்லை. அபாயம் நெருங்குவதை ஆசிரியர் அறியவில்லை என்றே கொள்ள வேண்டும், அறியாதவர் தடுக்கவும் முடியாது. பிழை மாணவருடையதே என்று வாதத்துக்காக ஒப்புக்கொண்டாலும், அப்பிழைக்கும் அழிவுக்கும் நடுவே ஆசிரியரின் அறிவு நுழைவதற்கு இடமே இருக்கவில்லை என்பது எஞ்சி நிற்கிறது. விபத்தின் காரணத்தை அந்த இடமின்மையில்தான் தேட வேண்டும் என்பது நம் அபிப்பிராயம்.

யந்திரத்தின் அமைப்பைச் சற்று அருகிலிருந்து நோக்கினால் இது விளங்கும். ஆர்-22இன் ரோட்டாருக்கு இரண்டே தகடுகள், கனம் குறைந்தவை, நிமிடத்துக்கு ஏறத்தாழ 530 முறை சுழல்பவை. கையசைவுக்கு உடனே இணங்கும் அதே இலகுத்தன்மை, தவறான அசைவுக்கும் உடனே இணங்கிவிடும். பிடியை முன்னே தள்ளி ரோட்டாரின் மேலுள்ள பாரத்தை நீக்கிவிட்டால், வால் ரோட்டாரின் உந்துதல் உடலை வலப்புறம் உருட்டத் தொடங்கும். அப்போது இடப்புறம் பிடியைச் சாய்ப்பது மனிதனுக்கு இயல்பு. ஆனால் ரோட்டார் மட்டும் சாய்ந்து, பாரமிழந்த உடல் அதைப் பின்தொடராமல் போக, ரோட்டாரின் தலைப்பகுதி தன் தண்டிலேயே மோதும். முதலில் பிடியை மெல்லப் பின்னுக்கு இழுத்து ரோட்டாருக்கு மீண்டும் பாரம் ஏற்றுவதே சரியான பரிகாரம், அதாவது இயல்பூக்கம் சொல்வதற்கு மாறானது. இரு இருக்கைகளுக்கும் நடுவே ஒரே தண்டு எழுந்து, அதன் உச்சியில் தராசுக்கோல் போல் ஆடும் குறுக்குச் சட்டம் ஒன்று இருபுறமும் நீள்கிறது. மாணவர் தம் முனையை மடியருகே தாழ்த்திப் பிடித்தால் ஆசிரியரின் முனை உயர்ந்துவிடும். மாணவரின் கை தவறுவது, அதைத் தவறென்று ஆசிரியர் உணர்வது, உணர்ந்த பின் உயர்ந்து நிற்கும் முனையைப் பற்றித் திருத்துவது ஆகிய மூன்றும் மூன்று வெவ்வேறு கணங்கள்.

இனி அமெரிக்கத் தகுதிச் சான்று விதியைக் காண்போம். சமதளப் பறத்தலில் எஞ்சின் நின்றுபோனால், விமானி திருத்தம் செய்யுமுன் ஒரு விநாடியோ அவருக்கு இயல்பான எதிர்வினைக் காலமோ, எது அதிகமோ அது கழியலாம் என்று அவ்விதி கொள்கிறது. அது எஞ்சின் நிற்பதற்கு வகுத்த அளவு, பிடியசைவுக்கு வகுத்ததன்று என்பதை மறந்துவிடலாகாது. ஆனாலும் அதனுள் உறையும் அனுமானம் கவனத்துக்குரியது: காண்பவரும் திருத்துபவரும் ஒருவரே என்று விதி எண்ணுகிறது. பயிற்சியிலோ ஆசிரியர், மாணவர் தாமே சமாளிக்கட்டும் என்று சற்றுப் பொறுத்தாக வேண்டும், பொறாதவர் நல்லாசிரியராகார். ஆகவே மாணவரின் தாமதத்தோடு ஆசிரியரின் தாமதமும் சேர்கிறது, அந்தக் கூட்டுத்தொகைக்கு விதியில் இடமில்லை.

அப்படியாயின் 1995-இல் அமெரிக்க அரசு கொண்டுவந்த விசேஷ விதியின் பின் இவ்விபத்துகள் அருகியது ஏன், அது மாணவர் குற்றத்தை உறுதிப்படுத்தவில்லையா என்று வினவலாம். அவ்விதி தனியே பறக்குமுன் மாணவருக்கு 20 மணி நேர இணைப் பயிற்சியை விதித்தது மெய். ஆனால் ஆசிரியருக்கும் 200 மணி நேர ஹெலிகாப்டர் அனுபவத்தை, அதில் 50 மணி நேரம் ஆர்-22இலேயே இருக்க வேண்டும் என்று விதித்தது. மருந்து இருவருக்கும் புகட்டப்பட்டிருக்க, நோய் ஒருவருடையது என்று எவ்வாறு தீர்மானிப்பது? அனுபவம் முதிர்ந்த ஆசிரியருக்கு இவ்விபத்து நேராது என்பாரும் உளர். எதிர்வினைக் காலம் அனுபவத்தால் பூச்சியமாகிவிடுவதில்லை என்பதே அவர்க்குப் போதிய விடை.

தேசகாலங்களையும் சிறிது கருத வேண்டும். திருச்சி அரியமங்கலத்தில் அமர்ந்து இவ்வறிக்கைகளைப் படிப்பவனுக்கு, அவை குளிர்நாட்டு யந்திர வியவகாரம் என்று தோன்றுவது சகஜம். ஆனால் திருச்சி விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 88 மீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது என்றாலும், கத்திரி வெயில் 40 டிகிரியைத் தொடும் நண்பகலில் அங்குள்ள காற்று, அடர்த்தியில் ஏறத்தாழ 3,300 அடி உயரத்துக் காற்றை ஒத்துவிடுகிறது. ரோட்டார் வேகம் 80 சதவிகிதத்தோடு ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஒரு சதவிகிதம் கூட்டிய அளவுக்குக் கீழே போனால் மீட்க முடியாத தேக்கம் ஏற்படலாம் என்பது தயாரிப்பாளரின் எச்சரிக்கை. அதில் வரும் உயரத்தை அடர்த்தி உயரமாகக் கொண்டால், எச்சரிக்கை மணி ஒலிக்கும் 97 சதவிகிதத்துக்கும் அழிவுக்கும் இடையேயுள்ள 17 சதவிகித இடைவெளி, சித்திரை மாதத் திருச்சியில் சுமார் 14 ஆகக் குறுகும். உஷ்ண தேசத்தில் கார்புரேட்டரில் பனி உறையாது என்ற நம்பிக்கையும் அவ்வாறே ஆதாரமற்றது. பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே வெப்பம் வெகுவாக இறங்கும்; 38 டிகிரிக் காற்றிலும், 50 சதவிகித ஈரப்பதத்திலும் பனி உறையக்கூடும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் கையேடு கூறுகிறது. ஐப்பசி மழையில் நனைந்த காவிரிக்கரைக் காற்றுக்கு இதைவிட அதிக ஈரம் உண்டு. வேகத்தை நிலைநிறுத்தும் தானியங்கிக் கருவியோ, எஞ்சின் திணறுவதைத் தானே திராட்டிலைத் திறந்து ஈடுசெய்து மறைத்துவிடும். இதனாலும் ஆசிரியர் அபாயத்தை அறியும் கணம் மேலும் தள்ளிப்போகிறது.

அரக்கோணத்துச் சேத்தக்குக்கு இவையனைத்தும் பொருந்தா. அதற்குத் தகடுகள் மூன்று, அவை கீல்களில் பொருத்தப்பட்டவை. டர்பைன் எஞ்சினாதலால் கார்புரேட்டர் என்ற பேச்சே இல்லை. தண்டில் மோதும் விபத்தையும் கார்புரேட்டர்ப் பனியையும் பட்டியலிலிருந்து அப்படியே பெயர்த்து நம் பயிற்சிப் பள்ளிகளின் மேல் சாத்துவது அறிவீனம். எந்த யந்திரத்துக்கும் பொருந்துவது இரட்டைத் தாமதம் ஒன்றே. ஆதலின் இணைப் பயிற்சியில் நேரும் விபத்து எதையும் விசாரிப்போர், மாணவரின் செயலுக்கும் ஆசிரியரின் திருத்தத்துக்கும் இடையே கழிந்த காலத்தை, அறியக்கூடுமாயின், அறிக்கையில் தனியே குறிக்க வேண்டும். ரிச்மண்டில் தற்செயலாகக் கிடைத்ததை இங்கே ஏற்பாடாகவே செய்துவிடலாம்: பயிற்சி ஹெலிகாப்டர் ஒவ்வொன்றிலும் குரலோடு, இரண்டு பிடிகளிலும் எவருடைய கை எப்போது எவ்வளவு விசை கொடுத்தது என்பதையும் பதியும் சிறு கருவியைப் பொருத்துமாறு கடற்படையும் சிவில் விமானத் துறையும் ஆணையிட வேண்டும்.