ஒரே சில்லு, இரண்டு விலை

1999ஆம் ஆண்டில் என்விடியா நிறுவனம் ஜீஃபோர்ஸ் 256 கிராபிக்ஸ் அட்டையை வீட்டுக் கணினிகளுக்காக வெளியிட்டது. பொறியியலாளருக்கும் வடிவமைப்பாளருக்குமென வந்த குவாட்ரோவின் விலையோ அதனிலும் அதிகம். இரண்டிலும் இருந்தது என்வி10 என்னும் ஒரே சில்லு வடிவமைப்பே. ஜீஃபோர்ஸைக் குவாட்ரோவாகக் கணினிக்கு அடையாளம் காட்டும் மென்பொருள் உத்திகளும் பின்னர் பரவின.

அவ்வாறாயின் இது ஏமாற்று வியாபாரமா? முற்றிலும் அப்படியென்று நான் கருதவில்லை. விளையாட்டில் ஒரு கோடு பிசகினால் எவருக்கும் நட்டமில்லை. இயந்திர வரைபடத்தில் பிசகினால் வேலையே கெடும். வடிவமைப்பு மென்பொருள்களுடன் சோதித்துச் சான்று பெறுவதற்கு உழைப்பும் செலவும் உண்டு. சரிபார்த்தலின் பெறுமதி செய்தித்தொழிலில் உள்ள எமக்குத் தெரியாததன்று.

ஆயினும், கோடுகளைப் பிசிறின்றி வரையும் வசதி மலிவான அட்டையிலும் இருந்தது. அதை முடக்கிவைத்து, திறந்துவிடப் பணம் கேட்டதை மட்டும் என்னால் நியாயப்படுத்த முடியவில்லை.