ஒரு டிகிரி தப்பினா மூணரை மீட்டர்: சுடக் கத்துக்கிட்டவங்க கதை

பெரிய காஞ்சிபுரத்தில் இருந்து பேசுறேன். ஃப்ளைட் சிமுலேட்டரில் டாக்ஃபைட் ஆடுற எல்லாருக்கும் ஒரு கேள்வி உண்டு. "எதிரி என் கண்ணு முன்னாடியே இருக்கான். ட்ரிகரை அழுத்திக்கிட்டே இருக்கேன். ஒரு குண்டு கூட படல. ஏன்?"

இந்தக் கேள்விக்கு நூறு வயசுக்கு மேல ஆச்சு. 1917-ல் பிரான்ஸ் வானத்தில் பறந்தவங்க இதே கேள்வியைக் கேட்டாங்க. அவங்களுக்கு ரீஸ்டார்ட் பட்டன் கிடையாது. இன்னைக்கு எபிசோடு அந்தப் பதில் எப்படிக் கிடைச்சது, எப்படிக் கை மாறி நம்ம தாம்பரம் வரைக்கும் வந்தது என்பதைப் பற்றி.

முதல்ல கணக்கு

முதல் உலகப் போர் விமானங்களில் துப்பாக்கி மூக்கோடு சேர்த்துப் பொருத்தப்பட்டிருக்கும். துப்பாக்கியைத் திருப்ப முடியாது, விமானத்தைத்தான் திருப்பணும். அதனால குறி பார்க்கிறதும் ஓட்டுறதும் ஒரே வேலை.

விக்கர்ஸ் துப்பாக்கியின் குண்டு நொடிக்குச் சுமார் 740 மீட்டர் வேகத்தில் கிளம்பும். எதிரி 200 மீட்டர் தூரத்தில் குறுக்கே பறக்கிறான்னு வைங்க. குண்டு போய்ச் சேரக் கால் நொடிக்குக் கொஞ்சம் கூட ஆகும். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகம் என்றால் அந்த நேரத்தில் அவன் 13 மீட்டருக்கு மேல் நகர்ந்திருப்பான். ஜெர்மனியின் ஃபாக்கர் டி-7 விமானத்தின் நீளமே ஏறக்குறைய 7 மீட்டர்தான். அதாவது ரெண்டு விமான நீளம் முன்னாடி, வெறும் காற்றைப் பார்த்துச் சுடணும். அவனை நேராகப் பார்த்துச் சுட்டால் குண்டு அவன் வாலுக்குப் பின்னாடி போயிடும்.

இதுவே 50 மீட்டர் என்றால்? அரை விமான நீளம் முன்னாடி சுட்டால் போதும்.

அடுத்தது கை. 200 மீட்டரில் மூக்கு ஒரே ஒரு டிகிரி விலகினால் குண்டு மூணரை மீட்டர் தள்ளிப் போகும். எதிரி விமானத்தின் உடல் ஒரு மீட்டர் அகலம் கூட இருக்காது. ஒரு டிகிரி என்பது கை லேசாக உதறினாலே வந்துடும்.

மூணாவது, கால். ரட்டரைச் சரியாக மிதிக்காமல் திரும்பினால் விமானம் பக்கவாட்டில் சறுக்கும். மூக்கு ஒரு பக்கம் பார்க்கும், விமானம் வேற பக்கம் போகும். துப்பாக்கியில் இருந்து கிளம்பும் குண்டுக்கும் அந்தச் சறுக்கல் வேகம் சேர்ந்துடும். பத்து டிகிரி சறுக்கினால், 200 மீட்டரில் ரெண்டு மீட்டருக்கு மேல் தப்பும். குறி கண்ணாடியில் எல்லாம் கச்சிதமாகத் தெரியும், ஆனா ஒண்ணும் படாது. சிமுலேட்டரில் பலருக்கு நடக்கிறது இதுதான்.

மூணு பேர், ஒரு பாடம்

இந்தக் கணக்கை யாரும் அன்னைக்குப் புத்தகத்தில் படிச்சுக்கிட்டு வரல. பிரிட்டனின் 40-வது ஸ்க்வாட்ரனில் 1917 ஏப்ரலில் எட்வர்ட் 'மிக்' மேனக் என்று ஒருத்தர் சேர்ந்தார். ஆரம்பத்தில் ரொம்ப மெதுவான ஆள். ரொம்ப ஜாக்கிரதையாக இருக்கார் என்று கூட இருந்தவங்களே முணுமுணுத்தாங்க. அவர் தன் துப்பாக்கியைத் தானே சரி பார்த்தார், தரையில் வைத்த இலக்கை மறுபடி மறுபடி சுட்டுப் பழகினார். கடைசியில் அவர் பிடிச்ச வழி: கிட்டப் போ, இன்னும் கிட்டப் போ, அப்புறம் சுடு. மேலே சொன்ன கணக்கைப் பாருங்க, அதன் விடையும் அதேதான்.

அந்த ஸ்க்வாட்ரனில் மேனக் வளர்த்துவிட்ட இளைஞர் ஜார்ஜ் மெக்எல்ராய். 1918 ஜூனில் அந்த மெக்எல்ராயின் கீழே வந்து சேர்ந்தவர் நம்ம ஊர்ப் பையன், கல்கத்தாவில் பிறந்த இந்திரலால் ராய்.

ராய்க்கு அப்போ வயசு 19. பார்வை சரியில்லை என்று முதலில் திருப்பி அனுப்பிட்டாங்களாம். தன் மோட்டார் சைக்கிளை வித்து, பெரிய கண் டாக்டரிடம் காட்டி, முடிவை மாற்ற வைத்தார் என்று சொல்வாங்க. 1917 டிசம்பரில் அவர் ஓட்டிய எஸ்.இ.5ஏ விமானம் விழுந்து நொறுங்கியது. இறந்துட்டார் என்று பிணவறையில் போட்டார்கள், அங்கே கண் விழித்துக் கதவைத் தட்டினார் என்று ஒரு கதையும் உண்டு. உடம்பு தேறும் நாட்களில் விமானங்களை வரைந்துகொண்டே இருந்தார். பறக்கத் தகுதியில்லை என்று சொன்ன டாக்டர்களோடு மறுபடி போராடித் திரும்பி வந்தார்.

வந்து, மெக்எல்ராயின் பக்கத்தில் பறந்து, 1918 ஜூலை 6 முதல் 19 வரை பத்து வெற்றிகள். அதுக்கு முன்னாடி அவர் கணக்கில் ஒண்ணு கூட இல்லை. ஆள் அதே ஆள், விமானமும் அதே எஸ்.இ.5ஏ. புதுசா வந்தது சரியான வாத்தியார். அதுதான் எனக்குத் தெரிந்த விளக்கம்.

ஆனா கதை அங்கே முடியல. ஜூலை 22-ல் ராய் சுட்டு வீழ்த்தப்பட்டார். ஜூலை 26-ல் மேனக். ஜூலை 31-ல் மெக்எல்ராய். பத்து நாளில் குரு, சீடர், சீடரின் சீடர், மூணு பேரும் போயாச்சு. ராய்க்கு டி.எஃப்.சி. பதக்கம் இறந்த பிறகு கிடைத்தது.

அவங்க கையில் இருந்த அந்த வித்தை என்ன ஆகும்? யோசிச்சுப் பாருங்க, நம்ம ஆபீஸில் எல்லாம் தெரிஞ்ச ஒரே சீனியர் டாக்குமென்ட் எதுவும் எழுதாமல் வேலையை விட்டுப் போனால் எப்படி இருக்கும், அந்த மாதிரி.

வாத்தியாருக்கே ஒரு பள்ளிக்கூடம்

இந்தப் பிரச்சினையைக் கையில் எடுத்தவர் ராபர்ட் ஸ்மித்-பாரி. 1917-ல் இங்கிலாந்தின் கோஸ்போர்ட் என்ற ஊரில் ஒரு பள்ளி ஆரம்பித்தார். அதுவரைக்கும் போர்முனையில் களைத்துப் போய் வந்தவங்களைப் பிடித்து வாத்தியார் ஆக்குவாங்க. பயிற்சியிலேயே ஏராளமான பையன்கள் செத்தார்கள். ஸ்மித்-பாரி எல்லாத்தையும் மாற்றினார். ரெண்டு பேருக்கும் தனித்தனி கண்ட்ரோல் உள்ள ஆவ்ரோ 504 விமானம், வாத்தியார் பேசுறது மாணவன் காதில் விழ ஒரு ரப்பர் குழாய், ஆபத்தான நிலையில் வேணும்னே விமானத்தைத் தள்ளி அதில் இருந்து மீளக் கத்துக்கொடுப்பது. எல்லாத்துக்கும் மேல, ஓட்டத் தெரிஞ்சா போதாது, சொல்லிக்கொடுக்கவும் தெரியணும், அது தனி வித்தை என்றார்.

அந்த யோசனையின் இந்திய வாரிசு நம்ம பக்கத்திலேயே இருக்கு. காஞ்சிபுரத்தில் ரயில் ஏறி, செங்கல்பட்டு வழியாகத் தாம்பரத்தில் இறங்கினால், அங்கே இருக்கும் விமானப்படைத் தளத்தில்தான் ஃப்ளையிங் இன்ஸ்ட்ரக்டர்ஸ் ஸ்கூல். 1948-ல் அம்பாலாவில் தொடங்கி, 1954-ல் தாம்பரத்துக்கு வந்தது. விமானப்படை மட்டும் இல்லை, தரைப்படை, கடற்படை, கடலோரக் காவல்படை, நட்பு நாடுகளில் இருந்தும் பைலட்கள் இங்கே வருவாங்க. எல்லாரும் ஏற்கனவே நல்லா ஓட்டுறவங்க. இங்கே அவங்க படிக்கிறது, தன் கை செய்யிறதை வாயால் சொல்வது எப்படி என்று. ஓட்டிக்கொண்டே, அந்தந்த நொடியில் என்ன செய்யிறேன், எங்கே பார்க்கிறேன், ஏன் இப்போ ரட்டர் என்று அளந்து பேசணும். அந்தப் பேச்சுக்கு அவங்க வைத்திருக்கும் பேர் 'பேட்டர்'.

இது காஞ்சிபுரத்துக்காரங்களுக்குப் புதுசு இல்லை. பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழியில் உட்கார்ந்து பழகினவங்களுக்குத் தெரியும். நாடாவை எவ்வளவு வேகமா விடணும், இழையை எவ்வளவு இழுக்கணும் என்பது பக்கத்தில் உட்கார்ந்து கை வைத்துக் காட்டினால்தான் வரும். கொஞ்சம் கூடுதலா இழுத்தால் கரை சுருங்கிப் போகும்.

ஆர்கன் கம்பெனிப் பையனின் நீலப் பெட்டி

சரி, சிமுலேட்டர் எங்கே இருந்து வந்தது? அமெரிக்காவின் பிங்ஹாம்டன் ஊரில் எட்வின் லிங்க் என்பவரின் அப்பா ஆர்கன், தானாக வாசிக்கும் பியானோ எல்லாம் செய்யும் கம்பெனி வைத்திருந்தார். அந்த ஆர்கனின் காற்றுத் துருத்திகளை வைத்தே, ஸ்டிக்கை ஆட்டினால் சாயும், திரும்பும் ஒரு குட்டி விமானப் பெட்டியை 1929 வாக்கில் லிங்க் செய்து முடித்தார். விமானப்படை கண்டுக்கல. பொழுதுபோக்குப் பூங்காக்கள்தான் வாங்கின. ஆமா, சிமுலேட்டர் முதலில் விலை போனதே விளையாட்டுச் சாமானாகத்தான்.

1934-ல் அமெரிக்க ராணுவ பைலட்களுக்குத் தபால் கொண்டுபோகும் வேலை வந்தது. மோசமான குளிர்காலம், இருட்டு, மேகம். சில வாரங்களில் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதுக்கப்புறம்தான் ராணுவம் லிங்க்கின் பெட்டிகள் ஆறு வாங்கியது. இன்னைக்கு நம்ம லேப்டாப்பில் ஓடுவது அதன் பேரப்பிள்ளை.

அப்போ நாம என்ன பண்ணலாம்?

எஞ்சினியரிங்கில் கண்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு இது சுலபமா புரியும். ஸ்டிக்கை இழுத்தவுடன் மூக்கு வந்து நிற்காது, கொஞ்சம் தாமதமாக வரும். அந்தத் தாமதத்துக்குள்ள பதறி இன்னும் இழுத்தால் ஓவர்ஷூட். உடனே எதிர்ப்பக்கம் தள்ளினால் அதுவும் ஓவர்ஷூட். மூக்கு மேலும் கீழும் ஆடிக்கிட்டே இருக்கும். கெயினைக் குறைங்க. மேசை ஜாய்ஸ்டிக் குட்டையானது, விரல் அளவு அசைவே அதில் பெரிய அசைவு. அதனால செட்டிங்ஸில் கர்வ் வைத்து நடுப்பகுதியை மென்மையாக்குங்க. ட்ரிம் பண்ணுங்க, கைப்பிடி தளரும். முதல் ஒரு வாரம் சுடவே வேண்டாம். இன்னொரு விமானத்தின் பின்னாடி, குறியை அதன் மேல் வைத்தபடி பறந்தால் போதும். ஸ்லிப் காட்டும் பந்து நடுவில் நிற்கட்டும். அப்புறம் மேனக் சொன்னது: கிட்டப் போங்க.

இரண்டாம் உலகப் போரில், எவ்வளவு முன்னாடி சுடணும் என்பதைத் தானே கணக்குப் போடும் ஜைரோ கன்சைட் வந்தது. அதுவும் இலக்கைக் கொஞ்ச நேரம் ஆடாமல் பிடித்து வைக்கும் கைக்குத்தான் சரியான விடை சொல்லும். உதறுகிற கைக்கு எந்தக் கருவியும் உதவாது.

கடைசியா ஒண்ணு. கை வந்தவுடன் தெரியாத ஒருத்தரைப் பக்கத்தில் உட்கார வைத்து, நீங்க செய்யிறதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பறந்து பாருங்க. உங்களுக்கு எது புரியல என்பது அங்கேதான் தெரிய வரும். 1918 ஜூலையில் மூணு பேரோடு போன வித்தை பிழைச்சது, யாரோ அப்படிச் சொல்லிக்கொடுக்க உட்கார்ந்ததால்தான்.

அடுத்த எபிசோடில் பார்க்கலாம். அதுவரைக்கும், பந்து நடுவில் இருக்கட்டும்.