இரு மொழி கேட்டு வளரும் மழலைகள்: பேச்சுத் தாமதத்தை அறிவது எப்படி?

கோலார் தங்கவயல்: வீட்டில் தமிழ், அங்கன்வாடியில் கன்னடம் என இரு மொழிகளைக் கேட்டு வளரும் குழந்தைகள் கோலார் தங்கவயலில் ஏராளம். குழந்தை பேசத் தாமதித்தால், இரு மொழிகளால் ஏற்பட்ட குழப்பம் எனக் கருதிக் காத்திருக்கும் பெற்றோரும் உண்டு. ஆனால், இரு மொழிச் சூழல் பேச்சுத் தாமதத்துக்குக் காரணமாகாது. குழந்தை இரு மொழிகளிலும் அறிந்த சொற்களைச் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

வயதுக்கேற்ற வளர்ச்சி

3 வயது: பெயரைச் சொல்லும்; கேள்வி கேட்கும்; வட்டம் வரையும்.

4 வயது: நான்கு சொற்கள் கொண்ட வாக்கியம் பேசும்; பெரிய பந்தைப் பிடிக்கும்.

5 வயது: சிறு கதை சொல்லும், பத்து வரை எண்ணும், ஒற்றைக் காலில் தாவும்.

எச்சரிக்கை அறிகுறிகள்

பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, கண் பார்த்துப் பேசாமை, பிற குழந்தைகளிடம் நாட்டமின்மை, 3 வயதிலும் வாக்கியமாகப் பேசாமை ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். கற்ற சொற்களையோ திறன்களையோ குழந்தை இழந்தால் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

எங்கு அணுகலாம்?

2013-ல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ், மருத்துவக் குழுவினர் அங்கன்வாடிகளில் ஆண்டுக்கு இருமுறை குழந்தைகளைப் பரிசோதிக்கின்றனர். அடுத்த பரிசோதனை வரை காத்திராமல் அங்கன்வாடி பணியாளரிடமோ அரசு மருத்துவமனையிலோ தெரிவிக்கலாம். பேச்சு தாமதித்தால் முதலில் செவித்திறனைப் பரிசோதிப்பது அவசியம். மைசூருவில் 1965 முதல் இயங்கும் அகில இந்திய பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனத்திலும், பெங்களூரு நிமான்ஸ் மருத்துவமனையிலும் உயர் சிகிச்சை பெறலாம்.

இதற்காக வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்த வேண்டியதில்லை.