ஊர்ப்பெயரில் வாழும் ஆறு

நாகையை அடையும் காவிரிக்குக் காவிரி என்ற பெயர் இல்லை. வெண்ணாற்றின் வழிவந்து, வெட்டாறு என்றும் கடுவையாறு என்றும் பெயர் பூண்டு, கடைமடையில் மெலிந்தே அது கடல் சேர்கிறது. அந்த ஆறு முன்னர் எவ்வாறு இருந்தது என்பதை அறிய நமக்கு வரைபடம் உண்டா?

ஆழம், ஓட்டத்தின் விரைவு, அடியிலுள்ளது மணலா சேறா என்பவற்றை அளந்து, உயிர்கள் வாழும் இடங்களைப் படமாக வரைவது இன்றைய ஆற்றியலார் முறை. அணைகளால் ஓட்டம் மாறிய ஆறுகளில் ஒருமுறை அளந்தால் போதாது. நீர் ஏறும்போதும் இறங்கும்போதும் ஓரிடமே வெவ்வேறு வாழிடமாகிவிடும்.

நம் முன்னோர் இப்பாகுபாட்டைச் சொல்லால் செய்துவைத்தனர். ஆழ்ந்த நீர்நிலை மடு, மணல்மேடு எக்கர், கடலோரம் கழி. ஆற்றிடைக்குறையைத் துருத்தி என்றனர். குத்தாலத்தின் தேவாரப் பெயர் திருத்துருத்தி, தஞ்சைக்கருகே திருப்பூந்துருத்தி. திருவரங்கமோ இன்றும் ஈராறுகளுக்கிடைப்பட்ட தீவு. ஊர்ப்பெயர்களே அக்காலத்து ஆற்றுப்படம்.

ஓட்டம் மாறிய கதை நீண்டது. தாழ்ந்து கிடந்த கொள்ளிடத்திற்கே வெள்ளம் பெரிதும் சென்று, காவிரி மணலால் தூர்ந்தது. அதைத் தடுக்க 1836இல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டினார். தஞ்சை வயல்கள் தழைத்தன. ஆனால் காவிரிப் படுகை அரிக்கப்படவே, அதன் தலைப்பிலும் பின்னர் ஓர் அணை வேண்டியதாயிற்று. 1934இல் மேட்டூர் அணை நிறைவுற்றது. ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் அடைப்பது மரபாயிற்று. ஆடிப்பெருக்கு நாள்காட்டியில் நின்றது. பெருக்கோ கதவுகளின் வசமாயிற்று.

அணை உழவனுக்குச் சோறிட்டது; அதை மறுப்பது நன்றிகேடு. எனினும் வண்டல் நீர்த்தேக்கத்தில் தங்கியது. மடுக்களைத் தோண்டிக் கழிமுகத்தைத் திறக்கும் வெள்ளம் அரிதாயிற்று. ஆற்றுநீர் தளர்ந்தபோது கடல்நீர் உள்ளேறிற்று. அதைத் தடுக்கக் கடைமடையிலும் கதவணைகள் எழுந்தன.

நாம் மடு என்றும் எக்கர் என்றும் பாட்டில் எழுதுகிறோம். அவை எங்கே இருந்தன என்று கேட்டால் காட்ட இயலுமா? வலைவீசும் முதியோரும் நீர்பாய்ச்சும் முதியோரும் ஒவ்வொரு வளைவுக்கும் பெயர் அறிவர். அப்பெயர்களை இடம் குறித்து நம் வட்டம் தொகுக்கட்டும். அளவுகோலோடு நாளை வரும் ஆய்வாளர்க்கு அதுவே முதற்படம். நமக்கோ, நாம் ஆளும் சொற்களுக்குப் பொருள்.