தேசத்தின் மகள், யாருடைய மனைவி?

சீனாவின் விளையாட்டு வரலாற்றைப் பெண்ணுடல் பற்றிய சொல்லாடலின் வரலாறாகவும் வாசிக்கலாம். அப்படி வாசிக்கையில் எனக்குத் தட்டுப்படுவது இதுதான்: அங்கே பெண் ஜெயிக்கிறாள், அந்த வெற்றிக்கு அர்த்தம் சொல்லும் அதிகாரம் மட்டும் அவளிடம் இல்லை.

'கிழக்காசியாவின் நோயாளி' என்ற பழிச்சொல் சீன தேசியத்தை நெடுங்காலம் உறுத்தியது. சீன மொழியில் அந்தச் சொல் குறிக்கும் நோயாளி ஓர் ஆண். ஆணின் அவமானத்தைத் துடைக்க 1930களின் பத்திரிகைகளுக்குத் திடமான பெண்ணுடல் தேவைப்பட்டது. நீச்சல் வீராங்கனை யாங் சியூச்சியோங்கைக் 'கடற்கன்னி' என்று கொண்டாடின. அவர் நீந்திய வேகத்தோடு சேர்த்து அவருடைய அழகும் செய்தியானது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கடற்கன்னி இறுதிச்சுற்றுக்குப் போகவில்லை.

சரி, புரட்சி இதையெல்லாம் மாற்றவில்லையா? மாற்றியது. பாதி வானத்தைப் பெண்கள் தாங்குகிறார்கள் என்றது மாவோவின் சீனா. அரசு விளையாட்டுப் பள்ளிகளில் பெண்பிள்ளைகளும் கடும் பயிற்சி பெற்றார்கள். 1981 முதல் 1986 வரை பெண்கள் வாலிபால் அணி, 1984 ஒலிம்பிக் தங்கம் உட்பட ஐந்து பட்டங்களைத் தொடர்ந்து வென்றது. லாங் பிங் 'இரும்புச் சுத்தியல்' ஆனார். ஆனால் 'பெண்கள் வாலிபால் உணர்வு' தேசத்தின் கோஷமானபோது அதன் உள்ளடக்கம் என்ன? வலி பொறுத்தல், கீழ்ப்படிதல், தியாகம். பழைய மருமகளின் குணங்கள்தாம். தேசம் மாமியார் வீடாகியிருந்தது.

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் சீனா வென்ற 16 தங்கங்களில் 12 பெண்களுடையவை. இத்தகைய நிலைமைக்கு அங்குள்ள பத்திரிகைகள் வைத்திருந்த தொடர் 'யின் ஓங்கியது, யாங் சரிந்தது' என்பது. பொம்பளைங்க ஜெயிச்சாங்க என்பதைவிட ஆம்பிளைங்க ஏன் தோத்தாங்க என்பதே கவலை. வெற்றி இங்கே சமநிலைக் குலைவாக, கிட்டத்தட்ட ஒரு நோய்க்குறியாகக் கட்டமைக்கப்படுகிறது.

1993இல் வாங் ஜுன்ஸியா 10,000 மீட்டரை 29 நிமிடம் 31.78 நொடியில் ஓடினார். அந்த உலக சாதனை 2016 வரை நின்றது. ஆனால் ஓடிய பெண்களுக்கு ஊடகங்கள் தந்த பெயர் 'மா குடும்பப் படை'. மா ஜுன்ரென் அவர்களின் ஆண் பயிற்சியாளர். படையும் அவருடையது, குடும்பமும் அவருடையது. தங்களுக்கு ஊக்கமருந்து கட்டாயமாகத் தரப்பட்டதென்று வாங்கும் சக வீராங்கனைகளும் 1995இல் எழுதியதாகச் சொல்லப்படும் கடிதம் 2016இல்தான் பொதுவெளிக்கு வந்தது. 21 வருட மௌனம்! சாதனையை உடனே ஒலிபரப்பியவர்களுக்கு அந்தக் குரல் கேட்கவில்லை.

2021 டோக்கியோவில் கோங் லிஜியாவ் 20.58 மீட்டர் குண்டெறிந்து தங்கம் வென்றார். அரசுத் தொலைக்காட்சி நிருபர் அவரை 'ஆம்பிளை மாதிரியான பொண்ணு' என்று பொருள்படும் சொல்லால் சுட்டிவிட்டு, இனி ஒரு பெண்ணின் வாழ்க்கைக்குத் திட்டமுண்டா என்று விசாரித்தார். கேட்டவரும் ஒரு பெண்தான். ஆணாதிக்கச் சொல்லாடலுக்கு ஆண் வாய்தான் வேண்டுமென்பதில்லை.

சீன இணையத்தில் பெண்கள் திரண்டு எதிர்த்தார்கள். ஒரு பெண்ணிடம் கல்யாணத்தைத் தவிரப் பேச வேறெதுவும் இல்லையா என்றார்கள். பதக்கப் பட்டியலில் சமத்துவம் வந்து எத்தனையோ வருடமாயிற்று. தேசத்தின் மகளாகவோ எவருடைய மனைவியாகவோ இல்லாமல், குண்டெறிந்தவளைக் குண்டெறிந்தவளாகவே பேசும் மொழிக்கான சண்டை இப்போதுதான் சூடுபிடித்திருக்கிறது என்று எனக்குப் படுகிறது.